ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ்

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறப்பதை நான் வேலை என்று சொல்வதில்லை. 'சும்மா ஒரு மெயில்' என்பேன். மந்தைவெளியில் எங்கள் ஃபிளாட்டுக்குள் நான் எங்கே போனாலும் லேப்டாப்பும் கூடவே வரும். மகளோடு கேரம் ஆடும்போதும் மடியில் இருக்கும். அவளுக்கு ஏழு வயது. என் முறை வந்தால் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு என் ஆட்டத்தையும் அவளே ஆடிவிடுவாள். நாளடைவில் கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. அவள் ஆடினால் சில சமயம் நான் ஜெயிக்கவும் செய்தேன்.

மனைவிக்கு அது பிடிக்கவில்லை. ஒரு ஞாயிறு காலை சாம்பார் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் டிபன் பாக்ஸில் கட்டி என் கையில் கொடுத்தாள்.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு இன்னும் எத்தனை நாள்? வேலைன்னா உள்ள போய் வேலையப் பாருங்க. ஆறு மணிக்குத்தான் ஆபீஸ் விடும். நடுவுல வீட்டுக்கு வரக்கூடாது."

பின்னறையைக் காட்டினாள். நான் சட்டையை மாற்றிக்கொண்டு உள்ளே போனேன். மகள் அறை வாசல் வரை வந்து டாட்டா காட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்தபடியே காபி கேட்டேன். "உங்க ஆபீஸ்ல மெஷின் இல்லையா?" என்று பதில் வந்தது. வேறு வழியில்லாமல் வேலை பார்த்தேன். இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கியிருந்த ரிப்போர்ட் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

சாயங்காலம் ஹாலில் கேரம் சத்தம் கேட்டது. வாழைக்காய் பஜ்ஜி வாசனை வேறு. மகள் ஏதோ சொல்ல, அவள் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் கூட இருக்கும்போது அந்தச் சிரிப்பைக் கேட்டதாக நினைவில்லை. பொறாமையாக இருந்தது. கதவைத் திறந்து, "ஒரு மணி நேரம் பர்மிஷன் கிடைக்குமா?" என்றேன்.

"நாங்க லீவுல இருக்கோம். யார்கிட்ட கேக்கறீங்க?" என்றாள் மனைவி.

நியாயம்தான். கதவைச் சாத்திக்கொண்டேன். வேலை எதுவும் மிச்சமில்லை. ஆறு மணி வரை ஸ்க்ரீனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆபீஸில் அதுவும் பழக்கம்தான்.

ஆறு மணிக்கு வெளியே வந்தேன். மகள் ஆட்டத்தைப் பாதியில் விட்டு ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மற்ற நாட்களில் நான் வீடு திரும்பும்போது அப்படித்தான் ஓடிவருவாள். ஞாயிற்றுக்கிழமையில் அதுதான் முதல் தடவை. நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தவனை யார் ஓடிவந்து வரவேற்பார்கள்?

"பட்டினப்பாக்கம் பீச்சுக்குப் போலாமா?" என்றேன்.

"லேப்டாப்?"

"அது உள்ளயே இருக்கட்டும். இன்னிக்கு இனிமே வேலை இல்ல."

அது நிஜம்தானா என்று அவள் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.