மேற்கு பார்த்த க்ளோசெட்

கட்டுமானத் தொழில் வளர என்னென்ன வேண்டும் என்று போன வாரம்தான் சிதம்பரத்தில், பொறியாளர்கள் கூட்டத்தில் பேசிவிட்டு வந்தேன். பேங்க் லோன், நல்ல ரோடு, ரெடிமிக்ஸ், வெளிநாட்டுப் பணம் என்று அடுக்கினேன். கை தட்டினார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

இந்த வாரம் திருப்பாதிரிப்புலியூரில் நான் கட்டிக்கொடுத்த வீட்டில் குடிபோகும் விருந்து. வீட்டுக்காரர் சவுதியில் வேலை பார்க்கிறார், விருந்துக்காக லீவில் வந்திருந்தார். அஸ்திவாரம் முதல் பெயிண்ட் வரை போனில் பார்த்தே சரி சொன்னவர். முட்டி தேய்ந்துபோன அவர் அம்மாவுக்குக் கீழே உட்கார்ந்து எழ முடியாது. அவருக்காகத்தான் அந்த வீடே. வேலை தொடங்கும்போது மகன் ஒன்றுதான் கேட்டார்.

"அம்மா பாத்ரூம்ல க்ளோசெட்ட மேக்க பாத்து வெச்சிடாதீங்க சார். நாங்க தொழுவுற தெச."

படத்தில் சரியாகத்தான் போட்டேன். பிறகு பிளம்பர் போன் செய்து, திருப்பி வைத்தால் பைப் நேராகப் போகும் என்றார். நான் அடுத்த சைட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். "வெச்சிடு" என்றேன். அதோடு மறந்தும் போனேன். வெளியூர்க்காரன் என்றாலாவது மன்னிக்கலாம். பக்கத்து வீட்டு நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்தவன் நான்.

விருந்து நடக்கும்போது அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பாத்ரூம் கதவைத் திறந்து காட்டினார்.

"தம்பி, இது மேக்கதான பாக்குது?"

அப்போதுதான் பிளம்பர் கேட்டது ஞாபகம் வந்தது. "நாளைக்கே ஒடச்சி மாத்திடறேம்மா."

"ஐயோ, ஒடைக்காதப்பா. லீவு முடிஞ்சி அவன் அடுத்த வாரம் கெளம்புறான். தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவான். நான் கொஞ்சம் திரும்பி ஒக்காந்துக்குறேன்."

அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் திரும்பி உட்காருவாராம். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டார்.

பந்தியில் வீட்டுக்காரர் தன் கையாலேயே எனக்குப் பிரியாணி வைத்தார். எதிரில் இருந்த தங்கை கணவர் மங்கலம்பேட்டை மச்சானிடம், "சொன்னா சொன்னபடி செய்வாரு, கண்ண மூடிக்கினு குடுக்கலாம்" என்றார். அந்த மச்சானும் வீடு கட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தவர். நம்பாமல், பின்னால் நின்ற மாமியாரைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பிகிட்டயே குடுங்க மாப்ள" என்றார் அந்த அம்மா. என் முகத்தை அவர் பார்க்கவில்லை.