கண்ணைக் குத்தாத சாமி

பாண்டியில் எங்கள் பங்குக் கோயிலில், ஞாயிறு பூசை முடிந்ததும் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது பைபிள் வகுப்பு எடுக்கிறேன். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் முப்பது பேர். அவர்களுக்குப் பசி வேறு. கூடத்தில் ஓடுவதோ ஒரே ஒரு ஃபேன். ஒரு பாட்டு முடிவதற்குள் சந்தைக்கடை ஆகிவிடும். எனக்குப் பொறுமை குறைச்சல். அதனால் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தேன். "சத்தம் போட்டீங்கன்னா சாமி கண்ணக் குத்திடுவாரு!" அவ்வளவுதான், வகுப்பு கப்சிப்.

தவளக்குப்பத்திலிருந்து புதிதாக வந்த டீச்சர், "எப்படிங்க அடக்குறீங்க?" என்று கேட்டபோது, "எல்லாம் அன்பாப் பேசுறதுதான்" என்று கூசாமல் சொன்னேன். பக்கத்தில் நின்ற பங்குச் சாமியார் அதை நம்பிவிட்டார். டீச்சர்களுக்கும் பெற்றோருக்கும் ஊக்கமாக நாலு வார்த்தை பேசச் சொன்னார். பேசினேன். பிள்ளைகளைப் பயமுறுத்தி ஜெபிக்க வைக்கக் கூடாது என்றெல்லாம் அளந்தேன். கைதட்டினார்கள்.

வெளியே வந்தால், ஒரு அம்மா எனக்காகக் காத்திருந்தார். தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் வேலை செய்பவர். அவருடைய மகள் என் வகுப்பில்தான் இருக்கிறாள். சத்தமே போடாத பிள்ளை.

"பாப்பாவுக்கு என்னன்னே தெரில டீச்சர். கோயிலுக்குள்ள நுழைஞ்சா ரெண்டு கையாலயும் கண்ண மூடிக்கிறா. பூசை முடியற வரைக்கும் எடுக்க மாட்டேங்கிறா. லீவு போட்டு கண்ணு டாக்டருகிட்ட காமிச்சேன். நல்லாத்தான் இருக்குன்னாரு. நீங்க கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க டீச்சர்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பாராட்டின சூடு இன்னும் ஆறவில்லை. "பண்றேம்மா, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். அப்படி ஒரு கோழைத்தனம்.

அந்த வாரப் பாடம், இயேசு குழந்தைகளைப் பக்கத்தில் அழைத்து ஆசி கொடுத்தது. குழந்தைகளை வரவிடாமல் அதட்டிய சீடர்களை வருஷா வருஷம் நான்தான் நடித்துக் காட்டுவேன், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பாடத்தைத் தயாரிக்கப் புத்தகத்தைத் திறந்தவள் இரண்டு வரியோடு மூடிவிட்டேன். இத்தனை வருஷமாக நான் நடிக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு, பூசைக்கு முன்பே அந்த அம்மாவைக் கோயில் வாசலில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"பாப்பா அத வீட்ல வந்து சொல்லிச்சு டீச்சர். டீச்சரே சொல்றாங்களேன்னு, சோறு திங்கலன்னா நானும் அதையேதான் சொன்னேன். இதுக்குப் போயி இப்படிப் பயப்படுவான்னு எனக்குத் தோணவே இல்ல" என்று தலையைக் குனிந்துகொண்டார். என் குற்றத்தில் பாதியை அவர் எடுத்துக்கொண்டது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பிள்ளையின் முன்னால் மண்டியிட்டேன். "பாப்பா, டீச்சர் பொய் சொல்லிட்டேன். சாமி யாரு கண்ணயும் குத்த மாட்டாரு. அவருக்கு உன்ன ரொம்பப் புடிக்கும்."

"நெசமாவா?" என்றாள். என்னிடம் இல்லை. நிமிர்ந்து அம்மாவிடம் கேட்டாள்.

அம்மா தலையாட்டினார். உள்ளே போனோம். வாசலைத் தாண்டியதும் இரண்டு கைகளும் பழையபடி மேலே போயின. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மற்ற பிள்ளைகளிடமும் அந்தப் புது டீச்சரிடமும் பூசைக்குப் பிறகு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். இவளை நம்ப வைப்பதைவிட அது சுலபமாகத்தான் தோன்றியது.

காணிக்கைப் பாட்டு பாடும்போது அவள் ஒரு கையை மட்டும் இறக்கினாள். அந்தக் கண் பீடத்தைப் பார்க்கவில்லை. நான் சொன்னது நிஜம்தானா என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அழுதால் மறுபடி பயந்துவிடுவாளோ என்று பாடிக்கொண்டே இருந்தேன்.