மார்னா ஹெக்லிக்குச் சொன்ன பன்னிரண்டாவது பொய்

நம்பாவிட்டால் போங்கள். எனக்கே நடந்தது இது. அமெரிக்காவின் வடக்கே, உறைபனிக் குளிரடிக்கும் டுலூத் நகரில், பிப்ரவரி ஆறாம் தேதி, பட்டப்பகலில்.

வாடகை வீட்டில் அறையைச் சூடாக்கும் ஹீட்டர் கெட்டால் குடியிருப்பவர்கள் மெயில் போடுவார்கள். கிளவுடில் ஓடும் எங்கள் செயலி அதை வாங்கிப் பழுது பார்ப்பவருக்கு அனுப்பும். குப்பை மெயில் குவிகிறது என்று முதலாளி கர்ட் கத்தினான். குடியிருப்பவர் பட்டியலில் இல்லாத மெயில் முகவரி என்றால் ஒதுக்கித் தள்ளும்படி நான்தான் எழுதினேன். தள்ளுவதற்கு முன், அனுப்பும் சர்வரிடம் ‘கிடைத்தது’ என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். எங்கள் தொழிலில் எல்லோரும் கூசாமல் சொல்லும் பொய் இது.

மார்னா ஹெக்லியின் வீட்டுக்குப் பட்டியலில் இருந்தது செத்துப்போன கணவரின் மெயில் முகவரி. ஜனவரியில் ஹீட்டர் நின்றதும் தன் முகவரியிலிருந்து பதினோரு மெயில் போட்டிருக்கிறார். பதினொன்றுக்கும் ‘கிடைத்தது’. ஒருவரும் போகவில்லை. நான்காம் நாள் விறைத்த பிணமாகத்தான் எடுத்தார்கள்.

மகள் இங்கா வழக்குப் போட்டாள். அம்மா அனுப்பியதற்கு அவளிடம் நகல் இருந்தது. வந்து சேர்ந்ததற்குச் சாட்சி எங்களிடம் ஒதுங்கிக் கிடந்த அந்த மெயில்கள் மட்டும்தான்.

“அதையெல்லாம் அழிச்சிடு டெரிக்,” என்றான் கர்ட்.

“அது பாவம், கர்ட்...”

“எழுதுனது நீதானே? மாட்டப்போறது யாருங்கிறே?”

கோழை நான். உட்கார்ந்தேன்.

மதியம் 2.14. பதினொன்றையும் அழித்தேன்.

டிங்...

புதிதாக ஒரு மெயில். மார்னாவின் முகவரி.

‘இன்னும் குளிருது.’

அழித்தேன்.

2.15. டிங்...

‘இன்னும் குளிருது.’

மெயில் வரும் வழியையே அடைத்தேன். இனி எதுவும் வர முடியாது.

2.16. டிங்...

‘கிடைச்சுதா?’

ஹீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் என் மூச்சு... புகையாக வந்தது.

டிங்...

‘கிடைச்சுதா, டெரிக்?’

என் பெயர் அவருக்கு எப்படித் தெரியும்?

பதில் அடித்தேன்: ‘கிடைத்தது.’

நின்றுவிட்டது.

வந்ததையும் என் பதிலையும் அழித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழித்தேன்.

மார்ச்சில் வழக்கு தள்ளுபடியானது. நீதிமன்ற வாசலில் இங்காவிடம் கேட்டேவிட்டேன்.

“அம்மா போன்லேர்ந்து பிப்ரவரி ஆறாம் தேதி நீங்க மெயில் போட்டீங்களா?”

“அந்தப் போனா? ஜனவரியிலேயே அவங்க கோட்டுப் பையில வச்சு அனுப்பிட்டேனே.”

“புதைக்கும்போதா?”

“எங்கே புதைச்சோம்? மண்ணு கல்லா உறைஞ்சு கிடக்கு. மே மாசம் இளகுற வரைக்கும் கல்லறைத் தோட்டத்துக் கல் அறையிலதான் இருப்பாங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அங்க ஹீட்டரே கிடையாது.”