எஸ்தர் அக்காவிடம் யாரும் கேட்காத கேள்வி

எஸ்தர் அக்கா நேற்றுக் காலை ஆறு இருபதுக்கு ஆம்பூரில் தம் வீட்டில் காலமானார். மகள் ஜெனி தொலைபேசியில் சொன்னார். நுரையீரல் புற்றுநோய், வயது அறுபத்தொன்று. "கடைசி ரெண்டு நாளா இருமல் இல்ல மாமா" என்று ஜெனி தாமாகவே சேர்த்துச் சொன்னார். பத்திரிகைக்காரன் பழக்கத்தில் அதையும் குறித்துக்கொண்டேன்.

அக்கா எனக்கு எதிர்வீட்டுக்காரர். ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்கு சூப்பர்வைசராக இருந்தவர். அத்தனை மிஷின் சத்தத்துக்கு மேலேயும் அவர் குரல் கேட்கும் என்பார்கள்.

இருமல் தொடங்கியபோது ஒருவரும் பொருட்படுத்தவில்லை. நானும்தான். "இந்த ஊர்ல இருமாதவங்க யாரு தம்பி?" என்று அவரே சிரித்தார். வேலூரில் நோய் இன்னதென்று தெரிந்து, சிகிச்சையும் நடந்தது. கட்டி கொஞ்சம் சுருங்கியது. இருமல் நிற்கவில்லை.

ஒருநாள் பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து நகர்ந்தார். "டி.பி. இல்லப்பா, கேன்சர். ஒட்டாது, ஒக்காரு" என்றார் அக்கா.

பிறகு பேருந்தையும் விட்டார், கோயிலுக்குப் போவதையும் விட்டார். உடம்பு முடியவில்லை என்று நினைத்தேன். தவறு.

காரணத்தை வெளிக்கொண்டுவந்தவர் வேலூர் மருத்துவமனையில் ஒரு செவிலியர். "இருமும்போது துணியில மூத்திரம் போய்டுதாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா அழுதுவிட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "ஒன்பது மாசமா ஒருத்தரும் கேக்கல தம்பி. நானா எப்படிச் சொல்லுவேன்?"

செவிலியர் பேட் கொடுத்தார். இருமல் கிளம்பும்போதே வாயை மூடி எச்சில் விழுங்கி, மூக்கால் மெதுவாக மூச்சு விடப் பழக்கினார். மருத்துவர் இருமலை அடக்கக் குறைந்த அளவில் மார்ஃபின் எழுதி, அதனால் வரும் மலச்சிக்கலுக்கும் மருந்து சேர்த்தார். "அது சாவறப்ப குடுக்கறதாச்சே" என்று பயந்து ஜெனி எட்டு நாள் அதை பீரோவில் பூட்டிவைத்தார். அக்காவே சாவியை வாங்கினார்: "சாவு வர்றப்ப வரட்டும். அதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தூங்கறேன்டி."

தூங்கினார். இருமல் போகவில்லை, கம்மியானது. நான்கு ஞாயிறு கோயிலுக்குப் போனார். கதவோரம், கடைசி பெஞ்சு.

போன மாதம் என்னைக் கூப்பிட்டு அந்த மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்தச் செவிலியரை ஆம்பூருக்கு அனுப்ப வேண்டும். இருமலோடு வரும் ஒவ்வொருவரிடமும் அவர் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். நான் 'இதர உபாதைகள்' என்று எழுதினேன்.

"உபாதைன்னா இன்னா?"

சொன்னேன்.

"பேப்பர்க்காரன் நீயே மறைச்சா, மத்தவங்க எங்க சொல்லப்போறாங்க? மூத்திரம்னே எழுது. என் பேரையும் போடு."

அந்தச் சொல்லை அடித்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். இந்தக் கட்டுரையிலும் அவர் சொன்னபடிதான் எழுதியிருக்கிறேன்.

போய் வாருங்கள் அக்கா. நல்லடக்கம் நாளை மாலை நான்கு மணிக்கு. கடிதம் வந்து சேர்ந்ததை மருத்துவமனை அலுவலகம் இன்று உறுதிசெய்தது. முடிவு இன்னும் ஆகவில்லை. அதை முடிவுசெய்யும் மருத்துவமனைக் குழு அடுத்த மாதம் முதல் புதன்கிழமை கூடுகிறது. பதில் எஸ்தர் என்ற பெயருக்கே வரும். ஜெனி வாங்கிக்கொள்வார்.