சிறிய எழுத்தில் இருந்தது

அப்பா நம்மைவிட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைவுறும் நாளில் வந்திருக்கும் உறவுகளே, சபையாரே, இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரும்படி தம்பி கேட்டான். நல்லதற்குக் குறைவில்லை. ஆனால் அவரைக் கடைசிவரை ஆட்டிப்படைத்த ஒன்றை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்பா பளையில் பிறந்தவர். இளவயதிலேயே அங்கிலிக்கன் திருச்சபையில் உபதேசியாராகிக் கிளிநொச்சிக்கு வந்தார். உபதேசியார் ஆராதனை நடத்தலாம், பிரசங்கம் செய்யலாம். ஆனால் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகச் சபையார் உட்கொள்ளும் நற்கருணை அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் ஆசீர்வதிக்கும் அதிகாரம் குருவானவருக்கே உண்டு. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய சைவக் குடும்பங்களுக்கு அப்பா மனு எழுதிக் கொடுப்பார். காய்ச்சல்காரரைச் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். "இவ்வளவு ஓடித் திரியிறீங்கள், எத்தினை பேரைச் சபையிலை சேர்த்தனீங்கள்?" என்று அம்மா சீண்டுவார். "சைக்கிளிலை ஒராள்தானப்பா ஏறலாம்" என்பார் அப்பா.

ஒழுங்கு என்றால் அவருக்கு உயிர். ஜெபப் புத்தகத்தில் சபையார் முன் வாசிக்க வேண்டியது பெரிய எழுத்திலும், எதை எப்போது செய்வது என்ற குறிப்புகள் சிறிய எழுத்திலும் இருக்கும். "பெரிய எழுத்து எங்களுக்கு, சின்ன எழுத்து குருவானவருக்கு" என்று எங்களுக்கும் சொல்லித் தந்திருந்தார். அந்தப் பணிவுதான் அவரைக் கவிழ்த்தது.

சண்டையில் கிளிநொச்சியை விட்டு எல்லாரும் இடம்பெயர்ந்தபோது நாங்கள் உடையார்கட்டில் தரப்பாள் கொட்டில் ஒன்றில் இருந்தோம். பாதை பூட்டிக் கிடந்தது. குருவானவர் வவுனியாவில் அகப்பட்டுக்கொண்டார். அந்த மாரியில் அம்மாவுக்கு மலேரியா கண்டது. மருந்து கிடைக்கவில்லை. ஆறாம் நாளும் தம்பி மருந்து தேடிப் போயிருந்தான். அன்று மத்தியானம் அம்மா கண் திறந்து நற்கருணை கேட்டார்.

"குருவானவர் வரட்டுமப்பா" என்றார் அப்பா.

"அவர் எங்கை வாறது? இரசப் போத்தில் கோயில் பெட்டிக்குள்ளைதானே கிடக்கு. ரொட்டியிலை ஒரு துண்டு எடுத்து நீங்களே தாங்கோவன்."

"நான் தந்தால் அது நற்கருணை இல்லை. உமக்குத் தெரியும்தானே."

"ஓம், தெரியும்" என்ற அம்மா, "அப்ப எனக்கு ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார்.

அப்பா ஜெபப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். நான் ஒழுகும் தரப்பாளை இழுத்துக் கட்டிக்கொண்டே இருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே அம்மா போய்விட்டார். அப்பாவை நான் வெறுத்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

மாதங்கள் கழித்துக் குருவானவர் வந்தார். அப்பா நடந்ததைச் சொன்னார். அவர் கடிந்துகொள்ளவில்லை. ஜெபப் புத்தகத்தை விரித்து, நோயாளிக்கான ஆராதனையின் அடியில் விரலை வைத்தார். சிறிய எழுத்து. குருவானவர் வர முடியாமல் போனாலும், மனந்திரும்பி, விசுவாசித்து, நன்றி செலுத்தும் நோயாளி, வாயால் உட்கொள்ளாவிட்டாலும் கிறிஸ்துவை மெய்யாகவே பெற்றுக்கொள்கிறார் என்று அவருக்குச் சொல்ல வேண்டும் என்பதே அதன் பொருள். முப்பது வருடங்களாக அந்தப் புத்தகம் அப்பாவின் கையில் இருந்தது.

அன்றிலிருந்து சபையில் யார் படுத்தாலும் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அதை வாசித்துவிட்டு வருவார். ஆனால் குருவானவர் வரும் நாட்களில் எல்லாரையும் பலிபீடத்துக்கு அனுப்பிவிட்டுத் தாம் கடைசியில் முழங்காலில் நிற்பார். ஒருமுறைகூட நற்கருணை வாங்கவில்லை. சபையார் அதைத் தாழ்மை என்றார்கள். ஆராதனை நடத்தும்போது சில வேளை பாதி வசனத்தில் நிறுத்தித் திரும்பிப் பார்ப்பார். "ஆரும் ஏதும் கேட்டவையே?" என்பார். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கடைசியில் முள்ளியவளையில் அவர் படுக்கையில் விழுந்தார். குருவானவர் நற்கருணையோடு வந்தபோது அப்பா வாயை இறுக மூடிக்கொண்டார். வாங்காமலே போய்விடுவாரோ என்று நான் அழுதேன்.

"அழாதை பிள்ளை. முதல்ல கொம்மாவுக்கு வாசி."

அம்மாவுக்காக அந்தச் சிறிய எழுத்தை வாசித்தேன். முடிந்ததும் அப்பா "ஆமென்" என்றார். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு வாயைத் திறந்தார். இரண்டு நாளில் அமைதியாகக் கண் மூடினார்.

அடக்கத்தன்று முறிகண்டிப் பக்கமிருந்து மழையில் நனைந்து வந்த மலையகக் குடும்பங்களுக்கும், சவப்பெட்டி செய்து தந்த அயலவருக்கும், சுமந்தவர்களுக்கும், சமைத்துப் போட்டவர்களுக்கும், குருவானவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அப்பாவுக்குக் கேட்ட குரல் இப்போது எனக்குக் கேட்கிறது. துணி காயப்போடும்போதும் கேட்கிறது. "அப்ப எனக்கு ஒண்டும் இல்லையே?" அன்று கொட்டிலுக்குள் இருந்தவர்களில் நான்தானே மிச்சம். ஆகவே இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் அந்தச் சிறிய எழுத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். உங்கள் வீட்டில் யாராவது கேட்டால், யாருக்கும் காத்திராமல் வாசித்துவிடுங்கள்.