நிழலுக்கு நின்றவள்

ஆவடியில் எங்கள் எதிர்வீட்டு இக்னேஷியஸ் அண்ணனுக்குப் பூ, பூச்சி, புல் என்றால் உயிர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு, மனைவி ஹில்டாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பாரிவாக்கம் ஏரிக்கரைக்குப் போய்விடுவார்.

நேர் வெயிலில் எடுத்தால் பூ வெளுத்துவிடுமாம். நிழலில்தான் அதன் நிறம் நிற்குமாம். வெட்டவெளியில் நிழலுக்கு எங்கே போவது? ஹில்டாதான் நிழல். சூரியனுக்கு முதுகைக் காட்டி, முந்தானையை விரித்துப் பிடித்து, பூவின் மேல் வெயில் படாமல் நிற்பாள். வீடு திரும்பும்போது ரவிக்கை தொப்பலாக நனைந்திருக்கும்.

"ஏன், ஊட்ல கொட இல்லியா?" என்று நான் கேலி செய்வேன்.

"கொட காத்துல ஆடுதாம் வனஜா. நான் ஆடாம நிக்கிறேனாம்" என்று சிரிப்பாள். அதில் ஒரு பெருமை வேறு.

போன மார்ச்சில் ஒரு நாள் காலை, இட்லி ஊற்றிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அஞ்சலி போஸ்டர் அடிக்கப் படம் கேட்டார்கள். அண்ணன் கம்ப்யூட்டரைத் திறந்து தேடினார், தேடினார். தும்பை, நெருஞ்சி, தட்டான், நத்தை. ஹில்டா ஒன்றில்கூட இல்லை. கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி ஒட்டினார்கள். அது அவள் மாதிரியே இல்லை. சாவு வீடு என்றும் பார்க்காமல் கேட்டேன்.

"இன்னாண்ணே, நத்தைக்குக்கூட நாலு படம் கீது. கட்டிக்கினவளுக்கு ஒண்ணு இல்லியா?"

"ஒரு வாட்டி கேட்டாம்மா, 'என்னயும் ஒண்ணு எடேன்'னு. 'நீ நவுந்தா பூ மேல வெயில் உழுந்துடும், அப்பால எடுக்கறேன்'னு சொல்லிட்டேன்."

முப்பதாம் நாள் பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போனோம். மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி ஒரு படம் வைத்திருந்தார். ஆதார் படம் இல்லை; ஒற்றைத் தும்பைப்பூ. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். துக்கத்தில் மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று எனக்கு பயம்.

"அண்ணே, இதுல ஹில்டா எங்க?"

படத்தின் கிட்டே வரச் சொன்னார்.

"உச்சி வெயில்ல எடுத்ததும்மா. பூ மேல வெயில் உழுந்துகீதா பாரு. இல்லல்ல? அவ நின்னுகினு கீறா."