மணி அடிக்காத பயணி

1. ஸ்டாண்ட்பை

ஸ்டாண்ட்பை டியூட்டி என்றால் புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சீருடைப் புடவையைக் கட்டிக்கொண்டு, கொண்டை போட்டுக்கொண்டு, விமான நிலைய ஓய்வறையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது வரவில்லை என்றால் அந்த இடத்துக்கு நாம் போக வேண்டும். யாருடைய ஜுரத்துக்கோ நாம் மாத்திரை சாப்பிடுகிற மாதிரிதான். ஆனால் எனக்கு ஸ்டாண்ட்பை மேல் தனிப் பிரியம் உண்டு. அது ஏன் என்று நான் எடுக்கும் பயிற்சி வகுப்பில் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி. நான் ஏர் ஹோஸ்டஸாகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதுவரை பின் கேபின்தான் எனக்கு. ஃபர்ஸ்ட் கிளாஸ் சீனியர்களின் கோட்டை. நாங்கள் அந்தத் திரைக்கு அப்பால் எட்டிப் பார்க்கக்கூட மாட்டோம். அன்று காலை பம்பாய் சாந்தாக்ரூஸ் விமான நிலையத்தில் ஸ்டாண்ட்பையில் உட்கார்ந்திருந்தபோது, கேபின் ஊழியர்களுக்குத் தலைவரான எங்கள் பர்ஸர் டிமெல்லோ வேகமாக வந்தார். என் முழுப்பெயர் விசாலாட்சி. அதில் பாதியை அவர் என்றைக்கோ வெட்டி எறிந்திருந்தார்.

"அரே விஷாலா, சலோ! ஃபர்ஸ்ட் கிளாஸ் கேர்ளுக்கு ஃபீவர். யூ ஆர் இன் ஃப்ரன்ட்."

லண்டன் போகிற விமானம் அது. டில்லியில் இறங்கித்தான் போகும். டில்லி வரைக்கும் உள்ளூர்ப் பயணிகளையும் ஏற்றுவோம். லண்டன் பயணிக்கு ஆற அமர உபசாரம் செய்யலாம். டில்லி பயணிக்கோ சூடான டவல், ஜூஸ், டிரிங்க்ஸ், பீங்கான் தட்டில் டிபன், காபி எல்லாவற்றையும் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். கொடுக்கிறவள் அவசரப்படுவதும் தெரியக் கூடாது. எங்கள் தொழிலில் இந்தக் குட்டிப் பயணத்தின் முன் கேபினைவிடச் சிரமமான இடம் கிடையாது.

ஃபர்ஸ்ட் கிளாஸில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் பேச வேண்டும் என்பது விதி. பாசஞ்சர் லிஸ்ட்டை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தேன். அதில் ஒரு பெயரை அடித்துவிட்டு, மேலே பேனாவால் 'மிஸ்டர் வைத்யநாதன்' என்று எழுதியிருந்தது. தமிழர்கள் நிறைந்த எங்கள் மாட்டுங்காவில் தெருவுக்கு நாலு வைத்யநாதன் உண்டு. என் அப்பாவும் ஒரு வைத்யநாதன். ஆனால் அவர் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க். லோக்கல் ரயிலில் நசுங்கிக்கொண்டு போய் வருகிறவர். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

2. அம்மா வழியாக

அப்பா என்னோடு பேசுவதை அப்போது நிறுத்தியிருந்தார். நான் இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நான் நிற்பேன். அவர் அம்மாவிடம், "அவளைச் சாப்பிட வரச் சொல்லு" என்பார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. "அந்தப் பேப்பர் எனக்கு வேணும்னு அப்பாகிட்டச் சொல்லும்மா" என்பேன். நடுவில் அம்மா டெலிபோன் ஆபரேட்டர் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மார்கழியில் அம்மா வழியாகவே தீர்ப்பும் வந்தது. தை பிறந்ததும் நான் வேலையை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் தங்குவதற்கு வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காரணம் ஒன்றும் சொல்லவில்லை. நானே கற்பித்துக்கொண்டேன். அந்நிய ஆண்களுக்கு டிரிங்க்ஸ் ஊற்றிக் கொடுக்கும் வேலை, சொந்தக்காரர்களின் வாய், கல்யாணச் சந்தை. இதில் எதற்கும் நான் மசிவதாக இல்லை. செம்பூரில் ஒரு பெண்கள் விடுதியில் இடம் கேட்டு வைத்திருந்தேன். கேட்டுவிட்டுத் திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன். வேலையும் வேண்டும், வீடும் வேண்டும் என்றிருந்தது எனக்கு.

3. "ஃபாஸ்டிங் டுடே"

படியேறி வந்த மிஸ்டர் வைத்யநாதன் என் அப்பாவேதான்.

அவருடைய ஒரே கோட்டு. கையில் கம்பெனி ஃபைல். பிற்பாடு அம்மா சொல்லித்தான் விவரம் தெரிந்தது. டில்லி மினிஸ்ட்ரியில் ஒரு லைசென்ஸ் விஷயமாகப் பேச வேண்டிய கம்பெனித் துரைக்கு விடியற்காலை வயிற்றுப்போக்கு. ஃபைல் முழுக்கத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான் என்பதால் துரையின் டிக்கெட்டில் அவரை அனுப்பிவிட்டார்கள். ஆள் வந்து கூப்பிடும்போது நான் டியூட்டிக்குக் கிளம்பிவிட்டிருந்தேன். அவருக்கு நானும் எனக்கு அவரும் அந்த விமானத்தில் எதிர்பாராத ஆட்கள்.

விதி விதிதான். கைகூப்பி, "குட் மார்னிங், மிஸ்டர் வைத்யநாதன். வெல்கம் அபோர்டு" என்றேன். எனக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் ஒரு கணம் திகைத்துவிட்டு, "குட் மார்னிங்" என்று சொல்லி, சீட் எண்ணைத் தேடுவதில் மும்முரமாகிவிட்டார்.

டிமெல்லோ வழக்கம்போல அவருடைய கோட்டை வாங்கி மாட்டுவதற்குக் கை நீட்டினார். அப்பா முன்பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளே போட்டிருந்த சட்டையின் முதுகில் அம்மா தையல் போட்டிருப்பது எனக்குத் தெரியும். "சாருக்குக் குளிர்கிறது. கோட்டு இருக்கட்டும்" என்று இங்கிலீஷில் சொல்லிச் சமாளித்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது.

டவல் கொண்டுபோனேன். பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்து அப்படியே செய்துவிட்டு, நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். ஜூஸ் கொண்டுபோனேன்.

"நோ தேங்க்ஸ், மிஸ்."

மிஸ்ஸாம்! டிபன் கொண்டுபோனேன்.

"ஃபாஸ்டிங் டுடே."

அன்று எந்த விரதமும் இல்லை. வீட்டில் உப்புமா சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பியிருப்பார் என்று நான் சத்தியம் செய்வேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டிராலியை அவரைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போனேன்.

அவருக்குப் பக்கத்து இருக்கையில் ஷா என்று ஒரு துணி ஆலை முதலாளி. நல்ல மனிதர்தான், ஆனால் தலைக்கு மேலே இருக்கும் கால் பெல்லை அழுத்துவதில் அவருக்குக் குழந்தை மாதிரி ஓர் ஆசை. ஐஸுக்கு ஒரு மணி, பேப்பருக்கு ஒரு மணி, கீழே விழுந்த கண்ணாடிக் கூட்டுக்கு ஒரு மணி.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் அப்பாவின் முதுகு சீட்டை விட்டு நிமிர்ந்தது. இரண்டு கைகளும் கைப்பிடிகளை அழுத்தின. பெல்ட் மட்டும் இல்லையென்றால் எழுந்தே நின்றிருப்பார். மூன்றாம் தடவை அவரே வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சின்ன வயதில் ஒருமுறை அவர் ஆபீஸுக்குப் போயிருந்தேன். என்னோடு பேசிக்கொண்டிருந்தவர், துரையின் அறையில் மணி அடித்ததும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டபடியே ஓடினார். அந்த ஓட்டம் விமானத்திலும் அவர் கூடவே வந்திருந்தது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

4. காலியில் ஒரு கோட்டு

காபிக்குக் கோப்பைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் காலி என்று சொல்லும் அந்தச் சின்னச் சமையல் அறையின் திரை விலகியது. அப்பா நின்றார்.

"கொஞ்சம் ஜலம் வேணும்."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

"பெல் அடிச்சிருக்கலாமேப்பா. நானே கொண்டு வந்திருப்பேனே."

டம்ளரைக் கொடுத்தேன். அப்பா வீட்டில் குடிக்கிற மாதிரியே தலையை அண்ணாந்து, டம்ளரை உயரத் தூக்கி, உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டார். விமானத்தில் யாராவது தூக்கிக் குடிப்பார்களா? மாட்டுங்காக்காரர் குடிப்பார். சரியாக அந்த நேரம் பார்த்து விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியது. தண்ணீர் முழுவதும் கோட்டின் மேல் கொட்டிவிட்டது.

"கழட்டுங்கோ" என்றேன்.

"வேண்டாம்."

"மினிஸ்ட்ரிக்குள்ளே ஈரக் கோட்டோட போவேளா?"

கழற்றினார். அதை அடுப்புக் கதவின் பக்கத்தில், சூடு படுகிற இடத்தில் மாட்டினேன். டிமெல்லோ தலையை நீட்டினார். தையல் போட்ட முதுகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஃபாதர்?"

தலையாட்டினேன். பயணிகள் காலியில் இருக்கக் கூடாது என்பதும் விதிதான். அதை என்னைவிட நன்றாகத் தெரிந்த டிமெல்லோ, க்ரூ உட்காரும் மடக்கு நாற்காலியை இறக்கிவிட்டு, "பைட்டோ, அங்கிள்" என்றார். திரையை இழுத்து மூடிவிட்டுப் போனார்.

அப்பா உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"உன்னை நான் பெல் அடிச்சுக் கூப்பிடறதா? ஆபீஸ்ல அந்தச் சத்தம் கேட்டாலே, என்ன தப்போ, ஏது தப்போன்னு ஓடுவேன். வாயில இருக்கற காப்பியை முழுங்கக்கூட நேரம் இருக்காது. என்னோட போகட்டும், எம் பொண்ணுக்கு இது வேண்டாம்னுதான் உன்னைப் படிக்க வெச்சேன். நீ தேடிப் போய் அதே மணிக்குக் கீழே நின்னுட்டே."

"அதுதான் கோவமா? டிரிங்க்ஸ் குடுக்கறதுனாலன்னு நெனைச்சேன்."

"அது உங்கம்மா கவலை."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு இரண்டாவது டம்ளர் ஊற்ற ஆரம்பித்தேன். மணி அடித்தது. மறுபடியும் ஷாதான். அப்பா சடக்கென்று எழுந்துவிட்டார்.

"போ, போ! கூப்பிடறான் பாரு!"

நான் ஊற்றி முடித்தேன். டம்ளரை அவர் கையில் கொடுத்து, "இந்தத் தடவை வாய் வெச்சே குடிங்கோ" என்றேன். பிறகு திரையை விலக்கிக்கொண்டு நடந்து போனேன்.

ஷா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டூ மினிட்ஸ் ஹோ கயா, மிஸ்."

"இன்னொரு பயணிக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன், மிஸ்டர் ஷா. உங்களுக்கு என்ன கொண்டு வரட்டும்?" என்று இங்கிலீஷில் கேட்டேன்.

"அச்சா, அச்சா. கோயி பாத் நஹி. ஒரு காபி."

திரும்பி வந்தபோது அப்பா திரைக்குப் பின்னால் நின்றபடியே இருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"கோச்சுக்கலியா அவர்?"

"எதுக்கு?"

"லேட்டாப் போனியே."

"இன்னொருத்தருக்குக் குடுத்துண்டிருந்தேன்னு சொன்னேன். சரின்னுட்டார்."

"அப்படிச் சொல்லலாமா?"

அவர் கேட்ட விதம் என் நெஞ்சை அறுத்தது. விதி தெரியாமல் கேட்கவில்லை. இத்தனை வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு பதில் சொல்ல முடியும் என்றே அவருக்குத் தோன்றியதில்லை.

"சொல்லலாம்ப்பா. மணி அடிச்சா எனக்குப் பயம் ஒண்ணும் இல்லே. யாருக்கோ ஏதோ வேணும், அவ்வளவுதான்."

அவர் டம்ளரில் வாய் வைத்து, மிச்சம் வைக்காமல் குடித்தார். நான் காபி கலப்பதையும், தட்டு அடுக்குவதையும், இன்னும் இரண்டு மணிச் சத்தத்துக்குப் போய் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது மணிக்கு அவர் எழுந்திருக்கவில்லை.

கோட்டு காய்ந்தது. நான் அதை விரித்துப் பிடித்தேன். ஃபர்ஸ்ட் கிளாஸ் பயணிக்கு அப்படித்தான் செய்ய வேண்டும். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கைகளை நுழைத்துக்கொண்டார். டில்லியில் கதவருகே, "குட் பை, மிஸ்டர் வைத்யநாதன்" என்றேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள். தலையை மட்டும் அசைத்துவிட்டு இறங்கிப் போனார்.

5. பயிற்சி வகுப்பில் சொல்வது

பிற்காலத்தில் புதுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எல்லா பேட்சுக்கும் இதைச் சொல்வேன்: மணி அடிக்கிறவரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அவர் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்வார். அடிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறவர் ஒருவர் எல்லா விமானத்திலும் இருப்பார். அவரைக் கண்டுபிடித்து, கேட்பதற்கு முன்னால் போய் நில்லுங்கள். மணி அடித்தால் நடந்து போங்கள், ஓடாதீர்கள். தாமதமானால் காரணத்தைச் சொல்லுங்கள். காரணம் சொல்லும் உரிமை இல்லாத வேலை மனிதனை என்ன செய்யும் என்று நான் என் வீட்டிலேயே பார்த்தவள்.

தை பிறந்தது. பொங்கல் வைத்தோம். வேலையை விடுவது பற்றி அம்மா வழியாகக்கூட ஒரு பேச்சும் வரவில்லை. விடுதிக்காரம்மாவிடம் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த மாதத்தில் முதல் அதிகாலை டியூட்டி வந்தது. அதுவரைக்கும் எங்களை அழைத்துப் போகும் கம்பெனி வண்டி கட்டிடத்துக்குக் கீழே வந்து நின்று ஹாரன் அடிக்கும். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படிகளில் தடதடவென்று இறங்குவேன். அன்று கொண்டையில் ஊசி செருகிக்கொண்டிருந்தேன். பால்கனியிலிருந்து அப்பா உள்ளே வந்தார். கழுத்தில் மஃப்ளர்.

"வண்டி முனை திரும்பறது. பதறாமக் கெளம்பு" என்று என்னிடமே சொன்னார். மறுபடியும் பால்கனிக்குப் போய், கீழே டிரைவரைப் பார்த்து, வந்துகொண்டிருக்கிறாள் என்று கையைக் காட்டினார். பிறகு ஒவ்வொரு டியூட்டிக்கும் அப்படித்தான். அவர் இருந்தவரை என்னை யாரும் ஹாரன் அடித்துக் கூப்பிட்டதில்லை.